மண் ஆந்தையை வீட்டுக்குள் வைக்கலாமா? (மாமியார் பதிலுக்குக் காத்திருக்கிறார்)

கறிவேப்பிலைத்தொட்டி எழுதியது:

நாங்கள் இருப்பது நியூ மெக்சிகோவில், அல்புகர்க்கிக்குப் பக்கத்து ரியோ ராஞ்சோ. போன சனிக்கிழமை எங்கள் தெருவில் ஒரு வயதான தம்பதி வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று கராஜ் சேல் போட்டிருந்தார்கள். நல்ல இரும்புச் சட்டி ஏதாவது மாட்டுமா என்று போனவள் மண் ஆந்தையோடு திரும்பி வந்தேன். 15 டாலர்.

ஒரு சாண் உயரம். வெள்ளைப் பூச்சுக்கு மேல் கறுப்பும் செம்பழுப்புமாக இறகுகள், அத்தனையும் கையால் இழுத்த கோடுகள். முதுகில் இரண்டு குஞ்சுகள், சிறகோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்று. அந்தப் பாட்டி, "இது ஜூனி ஊர்க்காரர்கள் செய்தது, எழுபதுகளில் கேலப்பில் வாங்கினோம்" என்றார். ஜூனி இங்கே ஒரு பூர்வகுடி ஊர்.

மாமியார் கோவில்பட்டியிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. அத்தை பொதுவாக என் விஷயத்தில் தலையிட மாட்டார். ஆந்தையைப் பார்த்ததும், "ஏம்மா, அலறுற சத்தம் கேட்டாலே ஆகாதும்போம். நீ காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கியே" என்றார். நான் விவரமாகச் சொல்கிறேன் பேர்வழி என்று, "சாதாரண ஆந்தை இல்லை அத்தை, சூனி ஆந்தை" என்று சொல்லித் தொலைத்தேன்.

"சூனியமா?"

அவ்வளவுதான். இப்போது ஆந்தை துண்டில் சுற்றி கராஜில் இருக்கிறது.

இதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். திங்கட்கிழமை ஆபீசில் நவஹோ என்ற இன்னொரு பூர்வகுடியைச் சேர்ந்த தோழிக்கு போனில் போட்டோ காட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இதை எனக்குக் காட்டாதே, ப்ளீஸ்" என்றாள். அதட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள், அதனால்தான் பயமாக இருந்தது. ஆனால் விற்கிற கடைகளின் பக்கங்களில் எல்லாம் "ஜூனி ஆந்தை வீட்டைக் காக்கும்" என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது?

இன்னும் இரண்டு கேள்வி. இது அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தூசியாக இருக்கிறதே என்று ஈரத்துணியால் துடைத்தேன், துணியில் கொஞ்சம் பழுப்பு ஒட்டியது. கெடுத்துவிட்டேனா?


ராத்திரி_ஷிப்ட் எழுதியது:

லட்சுமிக்கு வாகனமே ஆந்தைதான். வங்காளத்தில் போய்ப் பார்க்கச் சொல்லுங்க. மேட்டர் ஓவர்.


கறிவேப்பிலைத்தொட்டி எழுதியது:

சொல்லிப் பார்த்தாச்சு. "அது அவங்க லட்சுமி" என்கிறார்.


கேலப்_மீனா எழுதியது:

முதலில் அந்த ஈரத்துணியைத் தூரப் போடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நான் கேலப்பில் 14 வருஷமாக மருந்தாளுநர். ஜூனி எங்கள் ஊருக்குத் தெற்கே முக்கால் மணி நேரம். என் கவுன்ட்டருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நவஹோக்கள், அடுத்தபடி ஜூனிக்காரர்கள். அதனால் உங்கள் ஆந்தைத் தகராறு எனக்குப் பழசு. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் யாரோ நல்ல மனசுக்காரர் குழந்தைகள் தடுப்பூசி போடும் அறைக்கு வெளியே காகித ஆந்தைகளை ஒட்டியிருந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகம் படிக்கிற ஆந்தைகள். காலையில் வந்த நவஹோ பாட்டி ஒருவர் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை. மத்தியானத்துக்குள் அத்தனையும் கிழித்தாயிற்று. நவஹோக்களுக்கு ஆந்தை என்றால் சாவுச் செய்தி கொண்டு வருவது. நோயாளி இருக்கிற இடத்தில் அதன் படத்தைக்கூட வைக்க மாட்டார்கள். உங்கள் தோழி உங்களைத் திட்டவில்லை. உங்கள் அத்தை சொன்னதைத்தான் அவளும் சொன்னாள்.

அதே வாரம் எங்களோடு வேலை பார்த்த ஜூனி நர்ஸ் ஒருவரிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "எங்கள் பாட்டி வீட்டில் ஜன்னல் திண்டில் ஒன்று இருக்கும், வெளியே பார்த்தபடி" என்றார். எதற்கு என்றேன். "ராத்திரி நாம் தூங்குவோம். அது தூங்காது." அவ்வளவுதான் சொன்னார். இரவில் யார் வந்தாலும் முதலில் பார்ப்பது அது, குரல் கொடுப்பதும் அது. அலறலைக் கேட்டு நாம் பயப்படுகிறோம். அவர்களுக்கு அது கூர்க்கா விசில்.

ஆக, ஆந்தைக்குப் பொது அர்த்தம் என்று ஒன்று கிடையாது. ஜூனி மாதிரி ஊராகக் கூடி வாழும் பூர்வகுடிகளைப் பியூப்லோ மக்கள் என்று நாம் மொத்தமாகச் சொல்கிறோமே, நியூ மெக்சிகோவில் மட்டும் 19 ஊர்கள், அரிசோனாவில் ஹோப்பிகள் தனி. அவர்களுக்குள்ளேயே சில ஊர்களில் ஆந்தையை மந்திரவாதிகளோடு சேர்த்துத்தான் பேசுவார்கள். கடைக்காரர்கள் "பூர்வகுடி நம்பிக்கைப்படி" என்று ஒரே வரியில் எழுதினால் அந்த அட்டையைப் படிக்காதீர்கள். எந்த ஊர், யார் வீட்டு ஆந்தை என்று கேளுங்கள்.

அந்தப் பெயர் விஷயம். "சூனி" என்று எழுதாதீர்கள், "ஜூனி" என்றே எழுதுங்கள், பேசும்போதும் அப்படியே. பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். அவர்கள் தங்களை அஷிவி என்பார்கள். பக்கத்தில் இருக்கிற எந்த மொழியோடும் உறவில்லாத தனி மொழி அவர்களுடையது. ஆகவே சூனியத்தோடும் உறவில்லை என்று அத்தையிடம் தைரியமாகச் சொல்லலாம்.

அசலா என்று கேட்டீர்கள். போட்டோ இல்லாமல் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் நீங்களே பார்க்கலாம்.

கவிழ்த்துப் பாருங்கள். அடியில் துளை இருக்கிறதா? கையால் செய்த ஆந்தை உள்ளே வெறும் கூடாக இருக்கும். சுடும்போது நீராவியும் சூடான காற்றும் வெளியேற வழி வைக்காவிட்டால் வெடித்துவிடும், அதற்குத்தான் துளை. துளை வழியாக டார்ச் அடித்தால் விரல் அழுத்திய தடம் தெரியும், சுவர் ஓரிடத்தில் தடியாகவும் ஓரிடத்தில் மெல்லிசாகவும் இருக்கும். பக்கவாட்டில் தலை முதல் அடி வரை நேர்கோடாக ஒரு தையல் ஓடினால் அது அச்சில் ஊற்றியது. அச்சில் வார்த்த வெள்ளைப் பொம்மையைக் கடையில் வாங்கிக் கையால் வண்ணம் மட்டும் தீட்டி விற்பதும் உண்டு. அதற்கு இங்கே "செராமிக்" என்று பெயர். அப்படிச் சொல்லி விற்றால் ஏமாற்று இல்லை. சொல்லாமல் விற்றால்தான்.

ஒரு எச்சரிக்கை: மின்சார உலையில் சுட்டது என்றால் போலி என்று சிலர் அளப்பார்கள். நம்பாதீர்கள். பழைய முறை திறந்த வெளியில் காய்ந்த ஆட்டுப் புழுக்கையை அடுக்கிச் சுடுவது. கேலப் பக்கம் மார்ச், ஏப்ரல் காற்று எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஒரே ஒரு வேகமான காற்று, பத்து நாள் வேலை கரிப்பிடித்துப் போகும். ஜூனியில் பலர் உலைக்கு மாறிவிட்டார்கள். களிமண் எடுக்கும் முன் பிரார்த்தனை செய்வதையும் பழைய ஓடுகளை இடித்துக் களிமண்ணில் கலப்பதையும் மட்டும் பலர் இன்னும் விடவில்லை. உடைந்த பானை வீணாவதில்லை, அடுத்த பானைக்குள் போய்விடுகிறது. உங்கள் ஆந்தைக்குள் யாருடைய கொள்ளுப்பாட்டி தண்ணீர்க்குடம் இருக்கிறதோ.

பழுப்பு ஒட்டியதைப் பற்றி: 50 வருஷத் தூசியாகவும் இருக்கலாம், சரியாகச் சூடேறாத வண்ணமாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் இனிமேல் தண்ணீர் கூடாது. மெருகு பூசாத மண், குறைந்த சூட்டில் சுட்டது, தண்ணீரைக் குடித்துவிடும். குழந்தைக்குப் பவுடர் போடும் பிரஷ் மாதிரி மெத்தென்று ஒன்றை வைத்துத் தட்டிவிடுங்கள், போதும்.

அடியில் பெயர் கீறியிருந்தால் சொல்லுங்கள். ஜூனி ஆந்தை என்றாலே நெல்லி பிக்கா பெயரைச் சொல்வார்கள், அவர் மகள் வழியில் கலெஸ்டேவா குடும்பம். ஜோசஃபீன் நஹோஹாய் குடும்பமும் அப்படித்தான். உங்களுடையது அவர்களுடையது என்று நான் சொல்லவில்லை, ஆசையை வளர்த்துக்கொள்ளாதீர்கள்.


சாண்டாஃபே_ரிட்டயர்டு எழுதியது:

மீனா அம்மா சொன்னதற்கு மேல் ஆந்தையைப் பற்றி எனக்குச் சொல்ல இல்லை. ஒரே ஒரு சேர்க்கை. 1879இல் ஸ்மித்சோனியன் அனுப்பிய குழு ஜூனியில் வந்து இறங்கி, வீடு வீடாகப் பானை சட்டிகளை ஆயிரக்கணக்கில் வாங்கி வாஷிங்டனுக்கு ஏற்றிப் போனது. அதில் ஆந்தை வடிவக் கலயங்களும் உண்டு. "சுற்றுலாக்காரனுக்காகச் செய்த பொம்மை" என்று ஆந்தையை ஒதுக்கித் தள்ளுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். ரயில்பாதை ஜூனிக்குப் பக்கத்தில் வந்ததே அதற்குப் பிறகுதான்.

பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. ஜூனியில் பானைத் தொழில் மங்கிக்கொண்டு வந்தபோது அங்கே உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் டெய்சி ஹூயீ, இன்னொருவர் ஜென்னி லாட்டே. முதலாமவர் ஹோப்பிப் பக்கத்துப் பேர் பெற்ற பானைக் கலைஞர் நாம்பேயோவின் பேத்தி, பாரீசில் சிற்பம் படித்தவர். இரண்டாமவர் ஆகோமா என்ற இன்னொரு பியூப்லோ ஊரில் பிறந்தவர். இருவரும் ஜூனிக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். ஆனால் சொல்லிக்கொடுத்தது ஜூனி வடிவங்களை. "கலப்படமில்லாத மரபு" என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு இவர்கள் இருவரும் நினைவுக்கு வருவார்கள்.

எனக்குத் தெரிந்தது கோச்சிட்டி என்ற பியூப்லோ ஊர். சாண்டா ஃபேயிலிருந்து தெற்கே, ரியோ கிராண்டே கரையில். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நாட்டார் கலை அருங்காட்சியகத்துக்கு மாதம் இருமுறையாவது போய்விடுவேன். அங்கே அலெக்சாண்டர் ஜிரார்ட் என்ற வடிவமைப்பாளர் சேகரித்துக் கொடுத்த பொம்மைகளும் மற்ற நாட்டார் கலைப்பொருட்களுமாக லட்சத்துக்கு மேல். அந்த ஜிரார்டுக்காகத்தான் 1964இல் கோச்சிட்டியின் ஹெலன் கோர்டேரோ முதல் "கதைசொல்லி"ப் பொம்மையைச் செய்தார்.

அந்த அம்மையாருக்குப் பானை வரவே இல்லை. தோல் வேலை, மணி வேலையெல்லாம் செய்துவிட்டுக் களிமண்ணுக்கு வந்தவர். கிண்ணம் செய்தால் கோணிக்கொண்டு போகும். ஓர் உறவுக்காரப் பெண், கிண்ணத்தை விட்டுவிட்டுப் பொம்மை செய்யேன் என்றார். செய்தார். குழந்தையை மடியில் வைத்துப் பாடும் தாய் என்பது கோச்சிட்டியில் பழைய வடிவம். ஜிரார்ட் இன்னும் பெரிதாக, இன்னும் அதிகக் குழந்தைகளோடு கேட்டபோது, ஹெலனுக்குத் தன் தாத்தா சான்டியாகோ கின்டானா நினைவுக்கு வந்தார். ஊரில் கதைக்குப் பேர் போனவர். தாயின் இடத்தில் தாத்தா உட்கார்ந்தார், மேலே ஐந்து பேரப்பிள்ளைகள். கண் மூடியிருக்கும், யோசிக்கிறார். வாய் திறந்திருக்கும், பாடுகிறார்.

அதற்குப்பின் மற்ற ஊர்களிலும் கதைசொல்லி பரவியது. கரடி கதை சொல்லும், தவளை சொல்லும், ஆந்தையும் சொல்லும். ஹெலனே ஓர் ஆமை செய்தார், முதுகு நிறையப் பிள்ளைகள் சவாரி போவார்கள். ஆமை எனக்கு ரொம்பப் பிடித்தது. மெதுவாகப் போகிற வண்டியில்தான் கதை முடியும். ஆனால் மற்றவர்கள் பெண் கதைசொல்லிகளைச் செய்தபோது ஹெலனுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் கதை சொன்னது ஆண்கள்தான், இவர்களுக்கு அர்த்தமே தெரியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். அவர் செய்தது "பூர்வகுடிக் கதைமரபின் குறியீடு" இல்லை, அவருடைய தாத்தா.

கடைகளில் பொம்மையோடு ஓர் அட்டை கொடுப்பார்கள். கரடி பலம், ஆமை நீண்ட ஆயுள், மான் சாந்தம். ராசிபலன் மாதிரி. எனக்கு அதைக் கண்டால் எரிச்சல். சாண்டா கிளாரா என்ற பியூப்லோ ஊரில் கரிய பானையில் கரடிப் பாதம் பதிப்பார்கள், மார்கரெட் தஃபோயாவின் பெரிய குடங்களில் பார்க்கலாம். காரணம் பலம் இல்லை. ஒரு பஞ்சகாலத்தில் கரடியின் தடத்தைப் பின்தொடர்ந்து போய்த்தான் தண்ணீரைக் கண்டார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. பாதம் பதித்திருப்பது தண்ணீர் வைக்கிற குடத்தில். இப்போது அந்த அட்டையைப் படித்துப் பாருங்கள்.

ஜூனி மானுக்கு வாயிலிருந்து நெஞ்சு வரை சிவப்பாக ஓர் அம்பு வரைவார்கள். மூச்சு போகிற வழி. அதை ஆகோமாவில் லூசி லூயிஸ் தன் பானைகளில் எடுத்துக்கொண்டார். இன்று சாவிக்கொத்தில்கூட அந்த மான் வந்துவிட்டது.

இன்னொன்று. நமக்கு விற்கிற மிருகங்கள் வேறு, அவர்கள் தங்களுக்காகச் செய்துகொள்ளும் மிருகங்கள் வேறு. எல்சி க்ளூஸ் பார்சன்ஸ் என்ற மானுடவியல் ஆய்வாளர் நூறு வருஷத்துக்கு முன் எழுதி வைத்திருக்கிறார்: மார்கழி வாக்கில், ஆடு, மாடு, குதிரை என்று எது பெருக வேண்டுமோ அதைச் சின்னதாகக் களிமண்ணில் பிடித்து வைப்பார்கள். ஸ்பானியர்கள் கட்டிய தேவாலயம் இருக்கிற சில ஊர்களில் அவை கிறிஸ்துமஸ் இரவில் பீடத்துக்குப் போகும், பிறகு பட்டிக்குள் புதைபடும். அழகுக்காகச் செய்தது இல்லை, விரல் நீளம்தான் இருக்கும். எந்தக் கடையிலும் கிடைக்காது. கிடைத்தாலும் வாங்கக் கூடாது.


ராத்திரி_ஷிப்ட் எழுதியது:

சார், இது அப்படியே நம்ம ஐயனார் கோயில் குதிரை! புரவியெடுப்பு! மண்ணுல மாடு செஞ்சு வேண்டுதல் போடுறது! உலகம் பூரா ஒரே மரபுதான்னு ஒரு பதிவே போடலாம் போலயே.


கேலப்_மீனா எழுதியது:

போடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். புரவியெடுப்பு பார்த்து வளர்ந்தவள். அங்கே குதிரையைச் செய்வது வேளார். ஊர் கேட்கும், அவர் செய்வார், ஊரே தூக்கிக்கொண்டு போகும், வெயிலிலும் மழையிலும் நின்று கரையும். எவ்வளவு பெரிசோ அவ்வளவு பெருமை. இங்கே சார் சொன்னது, வீட்டுக்காரர் தானே பிடித்து மண்ணுக்குள் மறைத்துவிடுவது. பெருமைக்கே இடமில்லை. இரண்டும் மண், இரண்டும் மாடு, அதற்காக ஒன்றாகிவிடாது. ஐயனார் குதிரையைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரர் "ஓ, இது கோச்சிட்டி மாதிரி" என்றால் நமக்கு எப்படி இருக்கும்?


சாண்டாஃபே_ரிட்டயர்டு எழுதியது:

கோச்சிட்டியோடு ஒப்பிட்டால் எனக்குக் கோபம் வராது அம்மா. 1880களில், ரயில் வந்த புதிதில், அவர்கள் களிமண்ணில் யாரைச் செய்தார்கள் தெரியுமா? சர்க்கஸ்காரன், பாதிரியார், வாயைப் பிளந்து பாடும் ஆபரா பாடகன், இரட்டைத் தலைக்காரன். இறங்கி வந்து தங்களை வேடிக்கை பார்த்தவர்களை அவர்கள் வேடிக்கை பார்த்துப் பொம்மையாக்கி, அவர்களிடமே விற்றார்கள். வாங்கியவர்கள் "பூர்வகுடிச் சாமி சிலை" என்று நினைத்து வீட்டில் வைத்துக்கொண்டார்கள்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1990ஆம் வருஷச் சட்டப்படி, பூர்வகுடிகள் செய்யாததைச் செய்ததாகச் சொல்லி விற்றால் தனி ஆளுக்கு முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். ஆகவே விற்கிறவரிடம் செய்தவர் பெயரும் ஊரும் எழுதிக் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் நகர்ந்துவிடுங்கள். ஆகஸ்டில் சாண்டா ஃபே இந்தியன் மார்க்கெட்டுக்கு வந்தால் செய்தவரிடமே வாங்கலாம். 1922இலிருந்து நடக்கிறது. சீக்கிரம் வாருங்கள், பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் தாங்காது.


கறிவேப்பிலைத்தொட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நிலவரம் சொல்கிறேன்.

அடியில் துளை இருக்கிறது, சுண்டுவிரல் நுனி போகும். டார்ச் அடித்துப் பார்த்தேன், உள்ளே வரிவரியாக விரல் தடம். என் கட்டைவிரலை விடச் சின்னத் தடம். தையல் இல்லை. பெயர் கீறியிருக்கிறது, முதல் எழுத்து தவிர மற்றது தேய்ந்துபோயிருக்கிறது, அந்தக் குடும்பங்களில் எதுவுமாக இருக்காது போல. பரவாயில்லை.

தோழியிடம் மன்னிப்புக் கேட்டேன். "உனக்குத் தெரியாது, விடு" என்றாள். வீட்டுக்கு வரும்போது மட்டும் முன்கூட்டியே சொல்லச் சொன்னாள். எடுத்து உள்ளே வைத்துவிடுகிறேன் என்றேன்.

அத்தையிடம் மீனா அக்கா சொன்ன ஜன்னல் திண்டுக் கதையைச் சொன்னேன். ஜூனி என்றே சொன்னேன், ஜூ, ஜூ என்று அழுத்தி. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கராஜுக்கு அவரே போய்த் துண்டைப் பிரித்தார். முதுகில் இருந்த குஞ்சுகளைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்காரியா இது? முதல்லயே சொல்லக் கூடாதா" என்றார்.

இப்போது முன்ஜன்னலில் இருக்கிறது, தெருவைப் பார்த்து. வீட்டுக்குள் முகம் திரும்பக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. நேற்று அமேசான்காரர் வந்து மணி அடித்தபோது அத்தை என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு சத்தமும் காணோமே. 15 டாலரை விட்டுட்டே."